சும்மாவா கொடுப்பார்கள்?

கேள்வி: நாங்கள் நியூயார்க்கில் ஃப்ளஷிங்கில் இருக்கிறோம். கிரீன் கார்டில் வந்து நான்கு வருடம் ஆகிறது. கணவருக்குக் கிடங்கில் வேலை, 2024-ல் வருமானம் 54 ஆயிரம் டாலர், இப்போது ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். மூன்று பிள்ளைகள். மூத்தவன் இந்த ஜூனில் ஹைஸ்கூல் முடிக்கிறான். லாகார்டியா கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஏசாப் என்று ஒரு திட்டத்தில் சேரச் சொல்லி அங்கிருந்து மெயில் வந்தது. ஃபீஸ், புத்தகம், ரயில் அட்டை எல்லாம் தருகிறார்களாம், ஆனால் முழுநேரமாகத்தான் படிக்க வேண்டுமாம். "யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள், ஏதாவது பாண்டு எழுதி வாங்குவார்கள்" என்கிறார் கணவர். முதல் வருடம் இரண்டு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு மீதி நேரம் கடையில் வேலை பார்க்கட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்பது அவர் எண்ணம். போதாக்குறைக்கு, கோயில் கேன்டீனில் பார்த்த சொந்தக்காரர் ஒருவர் "கம்யூனிட்டி காலேஜா?" என்று இழுத்தார். என்ன செய்யட்டும்?

பதில்: பாண்டு கிடையாது. கடனும் கிடையாது. அது மோசடி மெயிலும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கணவர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்தினாலும் பரவாயில்லை.

ஏசாப் என்பது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அதாவது நாம் க்யூனி என்று சொல்வது, 2007-ல் நகர நிர்வாகத்தின் பணத்தோடு தொடங்கிய திட்டம். கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் பட்டம் தருகிற கல்லூரியில், சேர்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் மூன்று வருடம் ஆகியும் முடிப்பதில்லை என்பது அப்போது நிர்வாகத்துக்குப் பெரிய தலைவலி. ஃபீஸ் கட்டக் காசில்லாமல் நின்றவர்கள் ஒரு பக்கம். ஃபீஸ் முழுவதும் அரசாங்கமே கட்டியும் நின்றுபோனவர்கள் இன்னொரு பக்கம். வேலை, வீட்டுப் பிரச்சினை, எந்தப் பாடம் எடுப்பது என்று தெரியாமல் வேண்டாத பாடத்தை எடுத்தது, ரயிலுக்குக் காசில்லாமல் வாரம் ஒரு நாள் வகுப்பைத் தவறவிட்டது என்று சின்னச் சின்னக் காரணங்களால் நின்றவர்கள். ஏசாப் இந்தச் சின்னக் காரணங்களை ஒவ்வொன்றாக அடைக்கிற திட்டம். அதற்குக் கைமாறாக அவர்கள் கேட்பது, பையன் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேரமாகப் படிக்க வேண்டும், ஆலோசகரை ஒழுங்காகப் போய்ப் பார்க்க வேண்டும், மூன்று வருடத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் அரசாங்கத்துக்கு என்ன லாபம் என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் ஏறக்குறைய 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஏசாப்பில் சேர்த்து, மீதிப் பேரை வழக்கம்போலப் படிக்க விட்டு, மூன்று வருடம் கழித்துக் கணக்கெடுத்தது. ஏசாப்பில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் வாங்கினார்கள், மற்றவர்களில் 22 சதவீதம். ஆய்வு நடந்த மூன்று கல்லூரிகளில் உங்கள் பையனுடைய லாகார்டியாவும் ஒன்று. ஒரு மாணவருக்கு ஆன செலவு கூடத்தான். ஆனால் படிப்பை முடிக்கிறவர்கள் அவ்வளவு பேர் கூடியதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்துவிட்டது. பாதியில் நிற்கிற பிள்ளைக்குச் செலவழித்த பணம் யாருக்கும் பயன்படாமல் போகிறது, அதைவிட இது மேல் என்று கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஒஹாயோவில் மூன்று கல்லூரிகள் இதே முறையை எடுத்து நடத்திப் பார்த்தன, அங்கேயும் 35 சதவீதம், மற்றவர்களில் 19 சதவீதம் என்று வந்தது.

சரி, பணக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

நியூயார்க் வாசிகளுக்குக் க்யூனி கம்யூனிட்டி காலேஜில் முழுநேரக் கட்டணம் செமஸ்டருக்கு 2,400 டாலர், வருடத்துக்கு 4,800. இதர கட்டணங்கள் சில நூறு டாலர் வரும். ஃபெடரல் அரசாங்கத்தின் பெல் கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை) இருக்கிறதே, அதன் உச்ச வரம்பு 2025-26-ல் 7,395 டாலர். ஐந்து பேர் குடும்பம், வருமானம் 54 ஆயிரம் என்றால் முழுத்தொகை கிடைக்க வாய்ப்பு மிக அதிகம். கிரீன் கார்டு இருப்பதால் தகுதி உண்டு (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருகிற எச்-4 விசாவில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பெல் கிடையாது, இதைக் கேட்டு எனக்கு வாரம் ஒரு கடிதமாவது வருகிறது). இதற்கு மேல் மாநில அரசு தரும் டாப் என்ற உதவித்தொகை. அது கட்டணத்துக்கு மட்டும்தான் போகும், கையில் வராது. 2024-லிருந்து குடும்ப வருமான வரம்பை 1,25,000 டாலராக உயர்த்திவிட்டார்கள், அதனால் முன்னால் கிடைக்காதவர்களுக்கும் இப்போது கொஞ்சமாவது கிடைக்கிறது.

கூட்டிப் பார்த்தால் தெரியும், உங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஏசாப் இல்லாமலேயே ஃபீஸ் அடைபட்டுவிடும். மிச்சப் பணம் பையன் கணக்குக்கே வரும், அதில் லேப்டாப், சாப்பாடு, பஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். உதவித்தொகை போக மீதி இருக்கிற கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக ஏசாப் சொல்வது, வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருந்து பெல் கிராண்ட் பாதி கிடைக்கிற குடும்பங்களுக்குத்தான் பெரிய விஷயம். "எப்படியும் ஃபீஸ் வந்துவிடுகிறது, அப்புறம் ஏசாப் எதற்கு?" என்று அடுத்த கேள்வி வரும், வரட்டும், நான் சொல்ல நினைப்பதே அதைத்தான்.

ஏசாப்பில் உங்களுக்கு உண்மையிலேயே கிடைக்கப்போவது ஒரு ஆள். பெயர் தெரிந்த, உங்கள் பையன் பெயரைத் தெரிந்த ஒரு ஆலோசகர். அந்த ஆய்வு நடந்த காலத்தில் ஏசாப் ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்கள். சாதாரண வரிசையில் ஒரு ஆலோசகருக்கு 600 முதல் 1,500 பேர். பதிவு செய்கிற வாரத்தில் அந்த வரிசை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் பிள்ளைக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், அந்தப் பத்து நிமிடத்தில் "இந்த நாலு பாடத்தைப் போட்டுக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

பாடம் தப்பாகப் போனால் என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். கிரெடிட் என்பது பாடத்தின் அளவு, ஒரு பாடத்துக்கு மூன்று அல்லது நான்கு வரும். டாப் கிடைக்க 12 கிரெடிட் எடுத்தால் மட்டும் போதாது, அந்த 12-ம் அவன் சேர்ந்திருக்கிற பட்டத்துக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். பையன் ஆசைப்பட்டு மூன்று கிரெடிட்டுக்கு போட்டோகிராபி எடுத்தான், மீதி ஒன்பதுதான் பட்டத்துக்கு எண்ணப்படும் என்றால், அவன் கல்லூரிக் கணக்கில் முழுநேர மாணவன், டாப் கணக்கில் இல்லை. நவம்பரில் ஒரு பில் வரும்போதுதான் வீட்டுக்கே தெரியும். நல்ல ஆலோசகர் இதை ஆகஸ்டிலேயே பார்த்துவிடுவார்.

ஏசாப் பிள்ளைகளுக்குப் பதிவிலும் முன்னுரிமை உண்டு. காலை நேர வகுப்புகளாகவே சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், அதனால் மதியம் வேலைக்குப் போக வசதி. மாதாந்திரப் பயண அட்டை என்பது கையிலிருந்து மாதம் நூறு டாலருக்கு மேல் போகாமல் நிற்கிற சமாச்சாரம். ஃப்ளஷிங்கிலிருந்து ஏழாம் நம்பர் ரயிலில் ஏறினால் 33-வது தெரு ராசன் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம், மாறுகிற வேலையே இல்லை. அந்த அட்டை ஆலோசகரைப் பார்த்தால்தான் கிடைக்கும் என்று கட்டி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையனைத் தானாக ஆலோசகரிடம் போகச் சொன்னால் போக மாட்டான், அட்டைக்காகவாவது போவான். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

இப்போது உங்கள் கணவரின் யோசனை. அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஓவர்டைம் நின்ற வீட்டில் பையன் வாரம் 30 மணி நேரம் கடையில் நின்றால், நகரத்தின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17 டாலர், வாரம் 510 டாலர். அதைச் சின்னப் பணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுபக்கத்தையும் அவர் பார்க்க வேண்டும். பட்டத்துக்கு 60 கிரெடிட். செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் ஆறு அல்லது ஏழு கிரெடிட், வருடத்துக்குப் பன்னிரண்டு பதினான்கு. முடிக்க ஐந்து வருடம், அதுவும் ஒரு பாடத்தில்கூடத் தோற்காமல் இருந்தால். பெல் கிராண்டும் எடுக்கிற கிரெடிட்டுக்குத் தக்கபடி குறையும். மணிக்கு 17 டாலர் வேலையில் அவன் ஐந்து வருடம் இருப்பதற்குப் பதிலாக இரண்டரை அல்லது மூன்று வருடத்தில் அதைவிட்டு வெளியே வருவதுதான் வீட்டுக்கு லாபம்.

அப்புறம் இன்னொன்று, இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவரை ஏசாப்பில் எடுக்க வேண்டுமானால் அவர் 15 கிரெடிட்டுக்கு மேல் முடித்திருக்கக் கூடாது, ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 2.0-க்குக் குறையவும் கூடாது. ஒரு வருடம் பார்த்துவிட்டு முழுநேரத்துக்கு மாறலாம் என்று நினைப்பவர்கள், கோடையில் ஒரு பாடம் சேர்த்து எடுத்தாலே அந்த 15-ஐத் தாண்டிவிடக்கூடும். கடை வேலையும் படிப்புமாக ஓடி முதல் வருடத்திலேயே ஜிபிஏ 1.8-ல் போய் நின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். "அப்புறம் யோசிக்கலாம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

வேலையே பார்க்கக் கூடாது என்று ஏசாப் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வார நாளில் ஒரு மாலையும் என்று 15 மணி நேரம் தாராளமாகச் செய்யலாம், கோடை விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். ஒர்க்-ஸ்டடி, அதாவது மாணவர்களுக்கு உதவியாகத் தருகிற பகுதிநேர வேலை, கிடைக்குமா என்று கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் நூலகத்திலோ ஏதாவது அலுவலகத்திலோ கல்லூரிக்குள்ளேயே வேலை. பரீட்சை வாரத்தில் லீவு கேட்டால் முறைக்காத முதலாளி வேறெங்கே கிடைப்பார்?

மார்க் குறைந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உதவித்தொகை தொடர, எடுத்த பாடங்களில் போதுமான அளவு பாஸ் செய்திருக்க வேண்டும், ஜிபிஏவும் ஓர் அளவுக்குக் கீழே போகக் கூடாது. அது போனால் ஏசாப்பும் ஆட்டம் காணும். அதைவிட ஆபத்தான விஷயம், செமஸ்டர் நடுவில் வீட்டில் சொல்லாமல் மொத்தமாக நின்றுவிடுவது. செமஸ்டரில் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டால் ஃபெடரல் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பச் சொல்வார்கள். "சும்மா கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்" என்று யாராவது கோயிலில் சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கதையாகத்தான் இருக்கும். கணக்குப் பாடம் ஓடவில்லை, ஒரு பாடத்தை விட்டால் தேவலை என்று தோன்றினால், விடுவதற்கு முன்னால் ஆலோசகரைக் கேட்கட்டும். 12-க்குக் கீழே இறங்கினால் ஏசாப் விதியும் உடையும்.

பாண்டு விஷயத்தில் கணவரின் சந்தேகத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். எக்ஸல்சியர் என்று மாநில அரசின் வேறொரு உதவித்தொகை 2017-லிருந்து இருக்கிறது. அதை வாங்கினால் வருடம் 30 கிரெடிட் முடிக்க வேண்டும், எத்தனை வருடம் வாங்கினோமோ அத்தனை வருடம் படிப்பு முடிந்தபின் நியூயார்க் மாநிலத்தில் இருக்க வேண்டும், அதற்குள் வெளியேறினால் அது கடனாக மாறிவிடும். யாரோ அதைச் சொல்லி அவர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுக்கு அது தேவையே இல்லை, விண்ணப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டர் படிக்க இடம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தக் கம்ப்யூட்டர் என்று எழுதவில்லை. லாகார்டியாவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று ஒன்று உண்டு, அது ஏ.எஸ். பட்டம். புரோகிராமிங் அண்ட் சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் என்று இன்னொன்று, அது ஏ.ஏ.எஸ். பெயரைக் கேட்டால் இரண்டாவதுதான் வேலைக்கு நல்லது போலத் தோன்றும். ஆனால் நான்கு வருடப் பட்டத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஏ.எஸ்.தான் எடுக்க வேண்டும். ஏ.எஸ். அல்லது ஏ.ஏ. முடித்தவருக்குக் க்யூனியின் சீனியர் கல்லூரி (நான்கு வருடப் பட்டம் தருவது) ஒன்றில் இடம் உறுதி, பொதுப்பாடங்களின் 30 கிரெடிட் அப்படியே ஏற்கப்படும். ஏ.ஏ.எஸ்.ஸில் பல பாடங்கள் அங்கே பட்டக் கணக்கில் சேராமல் போகும், மறுபடி வேறு பாடம் படிக்க வேண்டிவரும். ஏ.எஸ்.ஸில் கால்குலஸ் வரும், கஷ்டம்தான். அதற்கு இலவச ட்யூட்டரிங் இருக்கிறது, முதல் வாரத்திலிருந்தே போகட்டும், முதல் டெஸ்ட்டில் அடிபட்ட பிறகு போவதற்குள் பாதி செமஸ்டர் போய்விடும்.

சொந்தக்காரருக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. பையன் இங்கே முடித்து குயின்ஸ் காலேஜுக்கோ சிட்டி காலேஜுக்கோ மாறினால், கையில் வருகிற டிகிரி அந்தக் கல்லூரி டிகிரிதான், முதல் இரண்டு வருடம் எங்கே படித்தான் என்று அதில் எழுதியிருக்காது. சீனியர் கல்லூரியில் வருடக் கட்டணம் 6,930 டாலர், இங்கே 4,800. மாறிய பிறகும் இதே மாதிரி ஆலோசகர், பண உதவி எல்லாம் உள்ள ஏஸ் என்ற திட்டம் சில சீனியர் கல்லூரிகளில் இருக்கிறது, இரண்டாவது வருடமே விசாரிக்கச் சொல்லுங்கள். கேன்டீன் தோசையைச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஃபாஃப்சா, அதாவது ஃபெடரல் உதவித்தொகைக்கான படிவம், போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. இன்னும் போடவில்லையென்றால் இந்த வாரம் போடுங்கள். பையனுக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். வருமான வரி விவரத்தை ஐஆர்எஸ் என்ற வரித்துறையிடமிருந்து எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும், அதற்குப் பெற்றோர் சம்மதிக்காவிட்டால் படிவம் முழுமையாகாது, பணமும் வராது. நம்மவர்களில் நிறையப் பேர் பயந்துபோய் நிறுத்துகிற இடம் இதுதான். முடித்ததும் கடைசிப் பக்கத்தில் நியூயார்க் டாப் விண்ணப்பத்துக்கு ஒரு இணைப்பு வரும், அதையும் அப்போதே முடித்துவிடுங்கள், அது தனி விண்ணப்பம். இரண்டுக்கும் பைசா செலவில்லை. வரி போட்டுக்கொடுக்கும் கடைகளில் சிலர் இதற்கு 200, 300 டாலர் கேட்கிறார்கள், கொடுக்காதீர்கள். இது முடிந்த கையோடு ஏசாப் மெயிலுக்கு பதில் போடட்டும். இடம் கணக்கு வைத்துத்தான் கொடுப்பார்கள், ஆகஸ்ட்வரை காத்திருக்க வேண்டாம். உதவித்தொகை விவரம் வரும்போது கிராண்ட் என்று போட்டிருப்பது தானம், லோன் என்று போட்டிருப்பது கடன். கடனை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், கிராண்ட் போகாது.

வரும் கல்வியாண்டுக்கான படிவம் 2024 வருமானத்தைத்தான் பார்க்கும், ஓவர்டைம் நின்றது அதில் தெரியாது. ஒருவேளை முழுத்தொகை வராவிட்டால், சம்பளச் சீட்டுகளையும் கம்பெனியிலிருந்து ஓவர்டைம் நின்றதற்கான கடிதத்தையும் எடுத்துக்கொண்டு லாகார்டியாவின் ஃபைனான்ஷியல் எய்ட் அலுவலகத்தில் வருமானக் குறைவுக்கு மறுபரிசீலனை கேளுங்கள். கல்லூரிக்கு அதை மாற்றிக்கொடுக்க அதிகாரம் உண்டு.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுனி என்கிற நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பலவற்றிலும் இப்போது ஏசாப் இருக்கிறது. நியூஜெர்சியில், எடிசன் பக்கம் இருப்பவர்கள் மிடில்செக்ஸ் காலேஜில் சேர்ந்தால், குடும்ப வருமானம் 65 ஆயிரம் டாலருக்குள் இருந்தால் மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் உதவித்தொகையில் கட்டணம் முழுவதும் அடைபட்டுவிடும், அங்கே பகுதிநேரமாகப் படித்தாலும் கிடைக்கும்.

கடிதத்தின் கடைசியில் உங்களுக்கு 43 வயது, ப்ளஸ் டூவோடு நிறுத்திவிட்டேன் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். க்யூனி ரீகனெக்ட் என்று ஒன்று இருக்கிறது. 2025-லிருந்து, 25 முதல் 55 வயதுவரை உள்ள, இதுவரை பட்டம் வாங்காத நியூயார்க் வாசிகளுக்கு நர்சிங், சைபர் செக்யூரிட்டி, இன்ஜினியரிங் போன்ற சில துறைகளில் கம்யூனிட்டி காலேஜ் கட்டணமும் புத்தகச் செலவும் இலவசம். பையனுக்காக லாகார்டியா போகிற அன்றைக்கே அதையும் சேர்த்து விசாரித்துக்கொண்டு வாருங்கள், ப்ளஸ் டூ மார்க் ஷீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.